ராஜாக்களுக்கு முறை வைத்துப் பார்த்தால்

1914 போரில் மோதிய பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், பிரிட்டனோடு சேர்ந்து நின்ற ரஷ்யாவின் இரண்டாம் நிகோலஸ் மூவரையும் ஆங்கிலப் புத்தகங்கள் 'கசின்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஐரோப்பிய அரச குடும்பங்களைப் புரிந்துகொள்ள முடியாது. திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீட்டில் முறை கேட்பதுபோல் கேட்டால்தான் விளங்கும்.

ஜார்ஜின் அப்பா ஏழாம் எட்வர்டும் வில்ஹெல்மின் அம்மா விக்கியும் விக்டோரியா மகாராணியின் பிள்ளைகள். ஆக, ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன். ஆறு வயது மூத்தவர் என்பதால் அத்தான். ஜார்ஜின் அம்மா அலெக்சாண்ட்ராவும் நிகோலஸின் அம்மா டக்மாரும் அக்கா தங்கை, டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள். அந்த வகையில் ஜார்ஜும் நிகோலஸும் அண்ணன் தம்பி. நிகோலஸின் மனைவி அலிக்ஸ் வில்ஹெல்முக்குச் சித்தி மகள். போருக்கு முந்தைய நாட்களில் 'வில்லி', 'நிக்கி' என்று தந்தி அனுப்பிக்கொண்டவர்கள் மச்சானும் மாப்பிள்ளையும்தான். அதே அலிக்ஸ் ஜார்ஜுக்கு அத்தை மகள். ஜார்ஜின் அண்ணன் ஆல்பர்ட் விக்டருக்குக் கேட்டபோது மாட்டேன் என்றவர், 1894-ல் நிகோலஸைக் கட்டி ஜார்ஜுக்குத் தம்பி மனைவியானார்.

வம்சாவளி போட பெரிய தாளைக் குறுக்காக வையுங்கள். யாருக்குப் போடுகிறோமோ அவர் எண் 1. எந்த எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 2, 3 பெற்றோர். 4 முதல் 7 வரை தாத்தா பாட்டிகள். 8 முதல் 15 வரை அவர்களைப் பெற்றவர்கள். விக்டோரியா 1840-ல் கட்டியது தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை. அதனால் அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளுக்கும் அந்த எட்டுக் கட்டத்தில் ஆறு பேர்தான் வருவார்கள். மாமன் மகளைக் கட்டிய நம்ம வீடுகளிலும் இதே கதைதான். பெயர் திரும்ப வந்தால் தப்பென்று அடித்துவிடாதீர்கள்.

அடுத்தது பங்குக் கணக்கு, அதாவது ஒருவரிடம் ஒரு இனத்தின் ரத்தம் எத்தனை பங்கு என்பது. ரஷ்ய ஜார் மகா பீட்டரை முழு ரஷ்யர் என்று வையுங்கள். மனைவி முதலாம் கேத்தரின் ரஷ்யர் அல்ல. மகள் அன்னாவுக்கு அரை. அன்னா ஜெர்மானியரான ஹோல்ஸ்டைன் பிரபுவைக் கட்டினார். மகன் மூன்றாம் பீட்டருக்குக் கால். அவர் மனைவி ஜெர்மானியரான மகா கேத்தரின். மகன் பாலுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. அதன்பின் வந்த மருமகள்கள் வூர்ட்டம்பெர்க், பிரஷ்யா, ஹெஸ்ஸே, டென்மார்க் இளவரசிகள். பாலின் மகன் முதலாம் நிகோலஸுக்கு வீசம் (பதினாறில் ஒரு பங்கு), இரண்டாம் அலெக்சாண்டருக்கு அரை வீசம், மூன்றாம் அலெக்சாண்டருக்குக் கால் வீசம், கடைசி ஜார் நிகோலஸுக்கு அரைக்கால் வீசம், அதாவது 128-ல் ஒரு பங்கு. ஆனால் பால் மூன்றாம் பீட்டரின் மகன்தானா என்ற சந்தேகம் அன்றே இருந்தது. அப்பா ரஷ்யப் பிரபு சால்திகோவ் என்றால், அந்த ஒரு கட்டத்தில் கணக்கு மொத்தமும் மாறிவிடும். தாளில் பென்சிலால் எழுதவேண்டிய இடம் அது.

பிறந்த ஊரை வைத்து இனம் சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. மகா கேத்தரின் பிறந்த ஸ்டெட்டின் இன்று போலந்தில் இருக்கிறது. அதற்காக அவர் போலந்துக்காரி ஆகமாட்டார். எலிசபெத் ராணியின் கணவர் எடின்பரோ கோமகன் பிலிப் 1921-ல் கார்ஃபூ தீவில் பிறந்த 'கிரேக்க இளவரசர்'. அவருடைய அப்பாவழித் தாத்தா டென்மார்க்கிலிருந்து 1863-ல் கிரேக்கத்துக்கு அரசராகக் கொண்டுவரப்பட்டவர், பாட்டி ரஷ்யர். அம்மாவழியில் இருவரும் ஜெர்மன் குடும்பங்கள். நாலு கட்டத்தில் ஒருவர்கூடக் கிரேக்கர் இல்லை. குடும்பப் பெயரையும் நம்பவேண்டாம். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு விண்ட்சர் என்ற பெயர் 1917 ஜூலையில் வைத்தது, அதுவரை சாக்ஸ்-கோபர்க்-கோதா.

தாயின் கிளைதான் பிள்ளைக்கு என்று கணக்கு வைக்கும் குடும்பங்கள் நெல்லைச் சீமையில் உண்டு. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மரபுப்பொருளான மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ போவதும் அந்த வழியில்தான். அலிக்ஸின் அக்கா விக்டோரியா, அவர் மகள் ஆலிஸ், ஆலிஸின் மகன் பிலிப்: எல்லாரும் ஒரே கிளை. ரஷ்யாவில் தோண்டியெடுத்த எலும்புகள், புரட்சிக்காரர்கள் குடும்பத்தோடு சுட்டுக்கொன்ற அலிக்ஸுடையதும் அவர் பெண்பிள்ளைகளுடையதும்தான் என்று 1993-ல் உறுதிசெய்ய உதவியது பிலிப் கொடுத்த ரத்தம். அவர் மகன் சார்லஸ் கொடுத்திருந்தால் பயன்பட்டிருக்காது. சார்லஸ் தன் அம்மா எலிசபெத்தின் கிளை.