வலைக்கு முன்னால் நிற்கும் உத்தியோகம்

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுபவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால், பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பதாகவே தெரியும்.

கனடாவின் ஸ்கார்பரோவில் நடுத்தர வயதுக்காரர்கள் ஆடும் பொழுதுபோக்கு அணி எங்களுடையது. மோதித் தள்ள விதியில் இடமில்லை. எங்கள் முழங்கால்களும் இடம் கொடுப்பதில்லை. களத்தின் குறுக்கே போட்ட நீலக் கோட்டிலிருந்து வலைக்குப் பின்னாலுள்ள பலகைச் சுவர் வரை 75 அடி, அதுதான் எங்கள் எல்லை. பக் எனும் ரப்பர் வில்லை அதற்குள் வந்துவிட்டால் ஒரு டிஃபென்ஸ்காரர் மூலைக்குப் போக வேண்டும், மற்றவர் வலைக்கு முன்னால் நிற்க வேண்டும். நடு முன்னணி ஆட்டக்காரரான சென்டர் கீழே இறங்கிக் கைகொடுப்பார். ஓரத்து முன்னணி ஆட்டக்காரர்களான விங்கர்கள் இருவரும் மேலே, நீலக் கோட்டருகே நிற்கும் எதிரணியினரைக் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் இதைப் பலகையில் வரைந்து காட்டும்போது அனைவரும் பக்தியோடு தலையாட்டுவோம்.

களத்தில் பக் மூலைக்குப் போனதும், பந்தியில் பாயச வாளி வந்த திசையில் திரும்பும் தலைகளைப்போல எல்லோரும் அங்கேதான். மூன்று அங்குல ரப்பர் வில்லைக்கு நான்கு பெரிய மனிதர்கள். வலைக்கு முன்னால் நான் மட்டும்.

போன வாரம் கடைசி நிமிடம், ஒரு கோல் முன்னிலை. எதிரணி தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கியது. காலியான அந்த வலையைப் பார்த்ததும் எங்கள் வலது விங்கருக்குக் கடமை மறந்துவிட்டது. நடுக்கோட்டுக்குப் போய்ப் பாஸுக்காகக் காத்து நின்றார். மூலையில் பக்கைப் பிடித்த என் கூட்டாளியோ, வலைக்குக் குறுக்கே எனக்கு அனுப்பப் பார்த்தார்.

அடிவயிறு கலங்கியது. 1986 ஏப்ரல் 30 அன்று கனடாவின் தொழில்முறை அணியான எட்மன்டன் ஆய்லர்ஸின் ஸ்டீவ் ஸ்மித் பின்னாலிருந்து இப்படித்தான் குறுக்கே அனுப்பினார். பக் சொந்தக் கோல் காப்பாளர் கிரான்ட் ஃபியூரின் காலில் பட்டு வலைக்குள் போனது. எதிரணியான கால்கரி 3-2 என வென்றது. முந்தைய இரண்டு ஆண்டுகளும் வட அமெரிக்க ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்த ஆய்லர்ஸ் வெளியேறியது. அன்று ஸ்மித்துக்குப் பிறந்தநாள் வேறு.

"பலகையோரம்! பலகையோரம்!" என்று கத்தினேன். நல்லவேளை, கேட்டார். ஆனால் பலகையோரம் போன பக்கை வாங்க விங்கர் இருந்தால்தானே? எதிரணிக்காரர் ஆற அமர நிறுத்தி, குறிபார்த்து ஸ்டிக்கை ஓங்கினார்.

"அண்ணை, விலகுங்கள், ஒன்றும் தெரியவில்லை!" என்று பின்னாலிருந்து எங்கள் கோல் காப்பாளர்.

"நகராதே!" என்று பெஞ்சிலிருந்து பயிற்சியாளர்.

யார் பேச்சைக் கேட்பது என்று முடிவெடுப்பதற்குள் பக் என் கால்கவசத்தில் பட்டென்று மோதி மூலைக்குத் தெறித்தது. ஆட்டம் முடிந்ததற்கான ஊதல் ஒலித்தது. வென்றுவிட்டோம்.

வெளியே வந்ததும் மகள் கவலையோடு கேட்டாள்: "எல்லோரும் ஓடி ஓடி விளையாடினார்கள். உங்களுக்கு மட்டும் காலில் ஏதாவது அடியா அப்பா?"

"அவர் எப்போதும் அப்படித்தான், பிள்ளை. எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டே நிற்பார்" என்றார் கோல் காப்பாளர்.

அந்தப் பக்கம் விங்கர், தனக்கு ஒரே ஒரு பாஸ் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என் மனைவிக்குக் கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார்.