பேசாத சாமிக்கு ஒரு சொம்புப் பால்

தோட்டத்தில் போட்ட மூன்றாவது போர்வெல் 1,100 அடி போனது. வந்தது வெறும் புழுதி. அன்று ராத்திரியோடு முருகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அம்மா விடவில்லை. தண்ணீர் வந்தால் முதல் குடத்தைக் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகனுக்குக் கொண்டுபோவதாக வேண்டியிருந்தார். "தண்ணிதான் வல்லியேம்மா, எதைக் கொண்டுபோறது?" என்றேன். "மாடு கறக்குதல்ல கண்ணு, பாலைக் கொண்டுபோலாம்." லாரித் தண்ணீர் குடித்துக் கறக்கிற மாடு அது.

போனது கிருத்திகை அன்றைக்கு. அடிவாரத்தில் வண்டியை மறித்து, தட்டு வாங்கினால்தான் நிறுத்த விடுவேன் என்றார் ஒரு கடைக்காரர். வாங்கிய தட்டில் பழம் பாதி அழுகல். மேலே வரைக்கும் ரோடு இருக்கிறது, ஆனாலும் அம்மா படியில்தான் ஏறினார். ஐந்து படிக்கு ஒருதரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உத்தரவுப் பெட்டி முன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முருகன் பக்தர் கனவில் வந்து சொல்கிற பொருளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி அது; வைத்த பொருளை ஒட்டி உலகத்தில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. இந்தத் தடவை யாரோ ஒருவர் கனவில் முருகன் போய்ச் சொல்லி, சன்னதியில் பூ கேட்டு உத்தரவாக வெள்ளைப் பூ வந்து, கண்ணாடிக்குள் மண் வைத்திருந்தார்கள். தண்ணீர் வைத்த வருசம் சுனாமி வந்தது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். முன்பின் தெரியாதவர் கனவுக்கெல்லாம் போகிறவருக்கு என் தோட்டத்துக்கு வழி தெரியாதா? எனக்குக் கொடுத்ததும் மண்தானே!

வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. வரிசையில் முன்னால் நின்ற ஆத்தா திரும்பினார். "நாப்பது வருசமா வாரன் சாமி. எங்கனவுல ஒரு நாளும் வந்ததில்லை."

"அப்புறம் ஏனுங்க வாரீங்க?"

"அவரு பேசலீன்னா நானும் பேசாம இருக்கோணுமாக்கும்?"

அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். சன்னதியில் அபிசேகம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் சொம்பை வாங்கி, மற்றவர்கள் பாலோடு சேர்த்து ஊற்றினார் குருக்கள். தோளில் வழிந்து, மார்பில் இறங்கி, வேலின் விளிம்பில் ஒரு சொட்டு நின்றது. விழவில்லை. தீபம் அதற்குள்ளும் தெரிந்தது. கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன்: பேங்க் கடன், பட்டுப்போகிற தென்னை, நான்காவது போருக்குப் பாயிண்ட். ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தச் சொட்டு விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். விழுந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா கைகூப்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முருகா, அந்த முட்டியோடு அம்மாவை ஏற்றிவிட்டாயே. மாடு இன்னும் கறக்கிறதே. ஒரு சொம்பு கொண்டுவர முடிந்ததே அப்பா. இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேன் இத்தனை நாளாக?

இறங்கும்போது லாரிக்காரருக்குப் போன் போட்டு, சாயங்காலத்துக்கு ஒரு லோடு சொன்னேன். அம்மா காலிச் சொம்பை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அடுத்த கிருத்திகைக்குக் கொஞ்சம் நேரத்துலயே கெளம்பிரோணும் கண்ணு" என்றார்.