ஆளுக்குப் பாதி

திருச்செந்தூர் பாசஞ்சரில் எதிர் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியின் திரையைப் பெட்டிமேல் நிறுத்தி, அதன் இருபுறமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் எனும் கைப்பிடிகளில் ஆளுக்கு ஒன்றைக் கழற்றிக்கொண்டார்கள்.

படுக்கவாக்கில் பிடித்தால் ஒவ்வொன்றும் தனிக் கன்ட்ரோலர். தம்பியின் விரல்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கல்லூரியில் படிக்கும் அக்காவோ ஓரத்திலிருக்கும் சின்னஞ்சிறு எஸ்எல், எஸ்ஆர் பொத்தான்களை நகநுனியால் தேடிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் தம்பி பனங்கிழங்கு உரிக்கத் தொடங்கினான். ஜாய்கான் இரண்டும் அக்கா கைக்குப் போயின.

பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு கை ஜன்னலோரம், மற்றொன்று மடியில். நெஞ்சுக்கு நேரே கைகளைச் சேர்த்துத் தோளைக் குறுக்க வேண்டியதில்லை. பாதி ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம்தான், கை கடுக்காது.

2017-இல் வந்த இந்த மாடலில் பக்கவாட்டுப் பள்ளத்தில் சறுக்கித்தான் கழற்ற வேண்டும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் காந்தமே பிடித்துக்கொள்கிறது. திரையோடு மாட்டி சார்ஜில் போட்டால் ஜாய்கான்களுக்கும் ஏறிவிடும், தனி வயர் வேண்டாம். பயணத்துக்கு இதைவிட வேறென்ன?

வீட்டில் மணிக்கணக்கில் ஆடுகிறவர்கள் உள்ளங்கை நிறையப் பிடிக்கும் முழுக் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.