தூத்துக்குடிக்கு எந்த மாதம் போகலாம்?

தூத்துக்குடிக்குப் போக நல்ல காலம் எது என்று கேட்டால், பயண வழிகாட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை என்றே சொல்கின்றன. அதை நம்பித்தான் 2022 நவம்பரில் முதல் முறை போனேன். மூன்று நாளில் இரண்டு நாள் மழை. பார்க்க ஆசைப்பட்டுப் போன உப்பளங்கள் முழங்கால் தண்ணீரில் கிடந்தன. வெள்ளையாக ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. என்னை அழைத்துப்போன ஆட்டோ அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊர் தூங்குகிற நேரத்தில் வந்திருக்கிறீர்கள் தம்பி. வெயிலடிக்கும்போது வாருங்கள்."

வெயிலுக்கு வரச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்காகவே அடுத்த பதினான்கு மாதங்களில் நான்கு முறை போய்வந்தேன். வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு இந்த ஊருக்குப் பொருந்தாது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

மே மாதம்தான் சரியான தொடக்கம். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தூத்துக்குடி. வந்த மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கே அண்ணாச்சி விடுதி வாசலில் நின்றார். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு பக்கம் போனோம். இருட்டு விலகுவதற்கு முன்பே பாத்திகளுக்குள் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் மீது பட்டுத் திரும்பும் ஒளியில் கண்ணைத் திறக்க முடியாது என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

உப்பு எப்படி விளைகிறது என்பதை ஒரு பெண் தொழிலாளி எனக்கு விளக்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலை செய்கிறவர். அக்கா என்றே அழைத்தேன். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ இறைத்து முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, அடுத்தடுத்த பாத்திகளுக்கு அதை நகர்த்துகிறார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் வழியிலேயே அடியில் படிந்துவிடுகின்றன. நீரின் அடர்த்தியை ஒரு கண்ணாடி மிதவையால் அளக்கிறார்கள். அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அளவு மீறி விட்டுவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். அக்காவுக்கு மிதவை தேவைப்படவில்லை. நீரின் மேல் படரும் மெல்லிய ஆடையையும் நிறத்தையும் பார்த்தே, இந்தப் பாத்தி நாளைக்கு, அந்தப் பாத்திக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொன்னார்.

ஆண்கள் நீண்ட கம்பு பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டினார்கள். ஈர உப்பின் கனம் எவ்வளவு என்று அறிய, கேட்டு ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தேன். பத்தடிகூட நடக்க முடியவில்லை. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்தக் கரையினுடையது. அது இவர்களுடைய கழுத்தும் கண்ணும் பாதமும் கொடுத்த உழைப்பு. உப்பளத்துக்குப் போகிறவர்கள் அனுமதி கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பும் வழியில் பனையோலைப் பட்டையில் பதநீரும் அதில் வெட்டிப் போட்ட நுங்கும் கிடைத்தன. பதநீர் இறங்குவதும் இந்த வெயிலில்தான். அதைக் காய்ச்சித்தான் உடன்குடிக் கருப்பட்டி பிறக்கிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெயில் காலத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. எனவே திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனால் ஏலத்தைப் பார்க்கலாம். சனிக்கிழமை போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நினைத்து ஊரே அங்கு கூடும். சீலா, விளைமீன், ஊளி, பாறை என்று மணலில் கொட்டிய குவியலைச் சுற்றி நின்று விலை கூறுகிறார்கள். ஏலக்காரர் வாயிலிருந்து எண்கள் வருகிற வேகத்துக்கு என் காது பழகவே அரைமணி நேரம் ஆனது. தடைக்காலம் என்பதால் அன்று சீலா வாங்கக்கூடிய விலையில் இல்லை. சாளை வாங்கிக் கொடுத்து, அண்ணாச்சி வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அதைவிடச் சுவையான மீன்குழம்பை அந்தப் பயணங்களில் வேறெங்கும் நான் சாப்பிடவில்லை.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களையும் சந்தித்தேன். மன்னார் வளைகுடாவின் அடியில் இறங்கிச் சங்கெடுத்து வருகிறவர்கள். அந்தச் சங்குகள் வங்காளம் வரை போய் வளையலாகின்றன. முத்துநகர் என்று பெயர் வாங்கித் தந்த முத்துக்குளிப்போ 1961-உடன் நின்றுவிட்டது. கடைசி முத்துக்குளிப்பைப் பற்றித் தன் தாத்தா சொன்ன கதைகளை ஓர் இளைஞர் எனக்குச் சொன்னார். கடல் அமைதியாக இருக்கும் மார்ச் முதல் மே வரைதான் அதுவும் நடக்குமாம். ஆக, கொற்கைப் பாண்டியர் காலம் தொட்டு இந்த ஊரின் செல்வமெல்லாம் வெயில் நாளில் வந்ததுதான்.

இரவில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும். பரோட்டாக் கடைகளை இங்கே நெடுங்காலமாக 'நைட் கிளப்' என்று அழைக்கிறார்கள். பலகையில் அதைப் பார்த்துத் தயங்காமல் குடும்பத்தோடு உள்ளே போகலாம். மக்ரூனையும் வெயில் நாளிலேயே வாங்கிவிடுங்கள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் மெல்ல உலர்த்துகிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அது நமத்துவிடும். நவம்பரில் நான் வாங்கிப்போன பெட்டி வீடு சேர்வதற்குள் பிசுபிசுத்திருந்தது. மே மாதப் பெட்டி ஒரு வாரம் மொறுமொறுவென்று நின்றது.

அடுத்து ஆகஸ்ட். ஜூனிலிருந்தே கச்சான் காற்று எடுத்துவிடுகிறது. மேற்கிலிருந்து செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடந்தன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் மரத் தோணிகள் அவை. அந்த இடத்தில் நின்றால் வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியாது. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, ஆங்கிலேயருக்குப் போட்டியாக இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தார். அதே ஆண்டு சிறைக்கும் போனார். இன்றைய பெரிய துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

ஆனால் ஆகஸ்டில் நான் போனது பனிமய மாதாவுக்காக. 1713-இல் கட்டிய பேராலயம். மாதாவின் திருவுருவம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழியான வரலாறு. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் பெருவிழா. ரோமாபுரியில் கொளுத்தும் கோடையில் பனி பெய்த கதையிலிருந்து வந்த பெயர், பனியையே அறியாத இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயராகிவிட்டது. பொன் தேரை ஆண்டுதோறும் இழுப்பதில்லை. 2013-க்குப் பிறகு 2023-இல்தான் இழுத்தார்கள். பெருங்கூட்டத்தின் நடுவே, கடற்கரைச் சாலையில், வடத்தின் ஒரு முனையில் என் கையும் இருந்தது. எனக்கு முன்னால் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர், பின்னால் பர்தா அணிந்த அம்மா தன் மகனைத் தோளில் தூக்கியபடி. ஏழு கடற்றுறைகளிலிருந்தும் வந்த பரதவர் குடும்பங்கள் 'மரியே வாழ்க' என்று முழங்கியபோது காற்றின் இரைச்சல்கூட அடங்கிவிட்டது. என் வாழ்நாளில் மறக்க முடியாத காலை அது.

அக்டோபரில் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். மாலை போட்டு விரதமிருந்து, காளியாக, குறத்தியாக, கரடியாக, ராஜாவாக வேடமேற்று, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, அதைக் கொண்டுவந்து அம்மனிடம் சேர்க்கிறார்கள். விஜயதசமி இரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கான மக்கள் வருவதால் அங்கே தங்க இடம் கிடைக்காது. தூத்துக்குடியில் தங்கி, மதியமே புறப்பட்டுவிடுங்கள். மறுநாள் காலை பக்கத்து மணப்பாட்டுக்குப் போனேன். மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், அதன் கீழே, 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. முந்தைய இரவின் பறையும் தாரையும் காதில் இருக்கும்போது அந்த அமைதியில் உட்கார்ந்தது பெரும் ஆறுதல்.

டிசம்பரில் போகத் திட்டமிருந்தது. போக முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஓராண்டில் பெய்யவேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை உடைத்தது, குளங்கள் உடைந்தன, தூத்துக்குடித் தெருக்களில் பல நாள் தண்ணீர் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்கள் வீடுகளே தத்தளிக்கும்போது, இருந்த அரிசியைச் சமைத்துப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். அண்ணாச்சியின் தொலைபேசி நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாகவும், ஆட்டோ மூழ்கிவிட்டதாகவும், பிள்ளைகள் நலமென்றும் சொன்னார்.

ஜனவரிக் கடைசியில் போனேன். சுற்றிப் பார்க்கவென்று போகவில்லை என்றாலும், ஆற்றோரம் போய் வந்தேன். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என நவதிருப்பதிக் கோயில்கள் இருக்கும் பகுதி. மழைக்குப் பிந்தைய மாதங்களில் வயலும் வாழையும் சூழ்ந்து மிக அழகாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆண்டு வயல்களின் மேல் ஆற்று மணல் படிந்திருந்தது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளியின் கீழ் சிறிது நேரம் நின்றேன். இந்த மாவட்டத்தில் ஒரு பக்கம் மழையை எதிர்பார்த்து வாழ்கிறது, ஒரு மணி நேரத் தொலைவில் இன்னொரு பக்கம் மழை நின்றால் போதும் என்று காத்திருக்கிறது. அந்த டிசம்பர் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடித்துவிட்டது.

உப்பளத்தில் அக்காவைத் தேடிப்பிடித்தேன். மேட்டில் குவித்து ஓலை மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் பல கரைந்துபோயிருந்தன. மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தைப் பற்றிக் கேட்டேன். வந்தது, ஆனால் எத்தனை நாளுக்குக் காணும் என்றார். தூரத்தில், இன்னும் வடியாத பாத்திகளில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க ஜனவரிதான் காலம். தொலைநோக்கி எடுத்துப் போயிருந்தும் அன்று நான் அதைக் கையில் எடுக்கவில்லை.

வண்டல் ஏறிய பாத்தியை வெட்டிச் சீராக்கி, ஈரக் களிமண்ணை வரிசையாக நின்று காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தளம் இறுகாவிட்டால் உவர்நீர் தரைக்குள் போய்விடும், உப்பில் மண் கலந்துவிடும். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். பாத்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, அடிமேல் அடி வைத்து, ஓர் அங்குலம் விடாமல் மிதித்துப் போனார்கள். வரப்பில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "இதற்குத் தண்ணீர் கட்டி, வெயில் ஏறி, முதல் உப்பு வார மார்ச் ஆகிவிடும். அப்போது வாருங்கள் தம்பி" என்றார்.

மார்ச் மூன்றாம் வாரத்துக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் இருந்தது. அண்ணாச்சியின் ஆட்டோவும் அதற்குள் தயாராகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்.