வீட்டு லீவு கொடுப்பதற்கு முன்

மனநோயால் தன் செயல் இன்னதென்றோ, அது பிழையென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. ஆனாலும் அவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. நீதிமன்றக் கட்டளையோடு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலைக்குத்தான் அனேகமாகப் போவார். மட்டக்களப்பு ஆளுக்கு அது 300 கிலோமீட்டருக்கு அப்பால். வருடக்கணக்கில் ஊரைக் காணாதவரை, ஊரும் மறக்கத் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்டவரைக் கொஞ்ச நேரம் வெளியேயோ வீட்டுக்கோ விட்டுப் பார்ப்பதுதான் லீவு. அதைக் கொடுக்காமலே வைத்திருந்தால் ஊருக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மனநல விடுதியில் வேலைசெய்யும் எங்களுக்கு அது பெரிய பிழையாகவே படுகிறது. பழக்கமில்லாமல் ஒரேயடியாக வெளியே வரும் நாளில்தான் அவர் தடுமாறுவார், அன்று பக்கத்தில் தாதியும் இருக்கமாட்டார். அதனால் முதலில் தாதியோடு வளவுக்குள் அரை மணித்தியாலம், பிறகு தனியே, பிறகு கடைத்தெரு, ஒரு பகல், கடைசியாக ஓர் இரவு. கட்டளையில் இருப்பவருக்குச் சட்ட அனுமதியும் வேண்டும்.

அவர் திரும்ப வன்முறையில் இறங்கும் ஆபத்தை மதிப்பிட எச்சிஆர்-20 (HCR-20) என்ற படிவம் உதவும். இருபது விடயங்களில் பத்து கடந்தகாலம், ஐந்து இன்றைய நிலை, ஐந்து இனி வரப்போவது. முதல் பத்தும் அனேகமாக மாறாது, அதை மட்டும் பார்த்தால் ஒருவரும் வீடு போகமுடியாது. எங்கே தங்குவார், யார் மருந்து கொடுப்பார் என்ற கடைசி ஐந்தில்தான் எங்கள் வேலை.

முன்பு அவர் கையால் அடிபட்டவர் பல சமயம் அதே வீட்டு ஆள். அம்மா "வரட்டும் மகன்" என்பார். பிள்ளைகளோடு அங்கே இருக்கும் தங்கச்சியைத் தனியாகக் கேட்கவேண்டும். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு விடச்சொல்லிக் கேட்பதும் வழமை. சனம், சத்தம், நித்திரையில்லாத இரவு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஒரு பகல் போய்வரலாம், முதல் இரவு லீவை அதில் வைக்கக்கூடாது.

அதிகம் பிழை விடுவது, கடுமையான மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் என்ற மருந்தில். இரவு பஸ்ஸில் நித்திரை தூக்குமென்று குளிசையைத் தவிர்ப்பார்கள், மறுநாளும் விட்டுப்போகும். கடைசிக் குளிசைக்குப் பின் 48 மணித்தியாலம் தாண்டினால் பழைய அளவைக் கொடுக்கக்கூடாது, பிரஷர் விழுந்து மயங்கிவிடலாம். 12.5 மில்லிகிராமிலிருந்துதான் திரும்பத் தொடங்கவேண்டும். விட்டதைச் சேர்த்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. இதை லீவுத் துண்டில் எழுதியே கொடுக்கவேண்டும். இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம்; தொடங்கிய முதல் 18 கிழமையும் கிழமைக்கொரு இரத்தப் பரிசோதனை என்பதால், அந்தக் காலத்தில் நீண்ட லீவு சரிவராது. காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றைக்கே வெள்ளை அணுக்களை எண்ணவேண்டும்.

பீடியை யாரும் கவனிப்பதில்லை. புகை ஈரலைத் தூண்டி, குளோசபினை விரைவாகக் கரைக்கவைக்கிறது. விடுதியில் புகைக்காமல் இருந்தவர் வீட்டில் தொடங்கினால், குளிசை ஒழுங்காகப் போட்டும், நோயில் காதுக்குள் கேட்ட குரல்கள் திரும்பலாம். வெற்றிலையில் இந்தப் பிரச்சினை இல்லை, புகைதான் காரணம். திரும்பி வந்து புகையை நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வாயூறும், தூங்கி விழுவார், வலிப்பும் வரலாம். சாராயம் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவரை அறையில் பூட்டுவதற்கு முன், வீட்டில் எத்தனை பீடி குடித்தார் என்று கேளுங்கள்.