மலையடிவாரத்தில் சிற்பக் கண்காட்சி: இடம் பிடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரையைச் சுற்றி வெட்டவெளியில் சிற்பம் வைக்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லோர் கண்ணும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குத்தான் போகும். தாமரைக் குளம், ஆலமரம், பின்னால் மொட்டைப் பாறை. படம் அள்ளும். அனுமதிதான் கிடைக்காது.

அது இந்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். பழங்காலச் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான். "கட்டடமா கட்டுறோம், நாலு மூங்கில்தானே" என்று வாதாடிப் பயனில்லை. எந்த அமைப்பை நிறுத்தினாலும் கட்டுமானம் என்றுதான் சட்டம் சொல்கிறது. தூரத்தைக் குகையிலிருந்து அளக்க மாட்டார்கள், அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். சமணப் படுக்கை (சமணத் துறவிகளுக்காகக் குகைப் பாறையில் வெட்டிய கல் படுக்கை) உள்ள எந்த மலையானாலும் முதலில் இதை விசாரித்துவிடுங்கள்.

அரிட்டாபட்டிப் பக்கம் சுமார் 193 ஹெக்டேர் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராஜாளிகள் வாழும் பாறைகள் அவை. அனுமதியே கிடைத்தாலும் அங்கே வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்த ஆசை கண்மாய். கோடையில் காய்ந்து கிடக்கும் உள்வாய் வாகான இடம்தான். ஆனால் யாரிடம் கேட்பது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாசனம் தரும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். இதை உறுதி செய்யாமல் போனால் பந்தாடிவிடுவார்கள். எங்களுக்கு வாய்த்த எழுத்தர் மனுவைப் பிரித்தே பார்க்காமல் அடுத்த அலுவலகத்துக்குக் கைகாட்டினார். அங்கே "இது எங்க கண்மாய் இல்ல சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அந்த எழுத்தரிடமே வந்தபோது மனுவில் "சிலைகள்" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தலைவர் சிலை விவகாரம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டார். ஆகவே "தற்காலிகக் கலைக் கண்காட்சி, இன்ன தேதியில் அகற்றி நிலத்தைச் சமன்செய்து ஒப்படைப்போம்" என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது மேலூர்ப் பக்கம் ஒரு தரிசுப் பட்டா நிலம். சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் என்ற மூன்று நில ஆவணங்களையும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒருவர் விட்டுப்போனாலும் திறப்பு நாளன்று சரியாக வந்து நிற்பார். மைக் அனுமதிக்குக் காவல் நிலையம் போனது ஒரு வேலையே இல்லை.

ஊர்ச் சம்மதம் காகிதத்தில் வராது. ஊர்ப் பெரியவரான அம்பலத்திடம் சிற்ப வரைபடங்களைக் காட்டியபோது சுடுமண் குதிரையில் விரலை வைத்தார். "குதிரை செய்யிங்க தம்பி, கண்ணு மட்டும் தெறந்துறாதீக. தெறந்தா அது அய்யனாருது, அப்புறம் யாரும் எடுக்க விடமாட்டாக." கண்ணுக்குப் பதில் வெறும் குழியோடு நிறுத்தினோம். இந்தப் பக்கம் குதிரை, வேல், சூலம் எதைச் செய்வதானாலும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி வேலை. களிமண்ணை நீங்களே கண்மாயில் வெட்டாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும். மண்பாண்டம் செய்யும் வேளாரிடமே பதப்படுத்திய மண்ணாக வாங்குங்கள். பெரிய உருவத்தை உள்ளே வெற்றிடமாக, பகுதி பகுதியாக எழுப்ப வேண்டும். சுவர் எங்கும் ஒரே கனம் இருக்கட்டும். ஓரிடம் தடித்தால் அது பிந்திக் காயும், சேரும் இடத்தில் விரிசல் விடும். நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி மெல்லக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருக்கச் சூளையில் வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி வெடிக்கும். சுடாத மண் சிற்பம் என்றால் சித்திரை இடிமழை ஒன்று போதும், மேலே கீற்று போடுங்கள்.

மூங்கிலும் மரமும் செம்மண்ணில் நின்றால் கரையான் சும்மா விடாது. நடும் முனையைக் கருக்கிவிடுங்கள், மண்மட்டத்துக்கு மேலும் அரையடி கருகியிருக்க வேண்டும், ஏனென்றால் கரையான் புற்றுக்கோடு இழுத்து மேலேறும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கட்டும். ஓலைத் தட்டியை அடர்த்தியாகப் பின்னினால் ஆடிக் காற்றில் பாய்மரமாகிவிடும், காற்றுப் போக இடைவெளி விடுங்கள். பனை நாரை ஊறவைத்துக் கட்டினால் காயக் காய இறுகும். பாறையில் துளை போடவே கூடாது, மணல் மூட்டை போதும். பச்சை ஓலையும் வைக்கோலும் எட்டும் உயரத்தில் இருந்தால் ஆடு மேய்ந்துவிடும். சுற்றிலும் சீமைக்கருவேல முள் வைத்தோம், பார்வையாளர் வரும் நேரத்தில் மட்டும் விலக்கினோம்.

பிரிக்கும் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், திறப்பு விழா முடிந்தால் ஆளும் இருக்காது, காசும் இருக்காது. குழிகளை அதே மண்ணால் மூடுங்கள். கட்டுக்கம்பித் துண்டு ஒன்றுகூடத் தங்கக்கூடாது, மாடு புல்லோடு சேர்த்து விழுங்கினால் வயிற்றைக் குத்தும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி நிலம் முழுக்க இழுத்தால் கையால் பொறுக்கியதில் தப்பியவை ஒட்டிக்கொண்டு வரும்.