காசாஓஎஸ் இருக்கும்போது போர்ட்டெய்னர் எதுக்கு? பட்டவன் சொல்றேன்

வீட்டு சர்வர்ல காசாஓஎஸ் (ஆப் ஸ்டோர்ல இருந்து க்ளிக் பண்ணி ஆப் ஏத்தற மென்பொருள்) போட்டாச்சு, கூட போர்ட்டெய்னரும் (டாக்கரை பிரவுசர்ல இருந்து நிர்வகிக்கிற டூல்) போடணுமான்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், வேணாம். டாக்கர்னா ஒவ்வொரு ஆப்பையும் கன்டெய்னர்ங்கற தனிப் பெட்டில ஓட்டற மென்பொருள், காசாஓஎஸ் ஆப்பும் அதுலதான் ஓடுது. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல.

டெபியன் 12, மேல காசாஓஎஸ், ஆப் ஸ்டோர்ல இருந்து ஜெல்லிஃபின் (வீடியோ பாக்க), இம்மிச் (போட்டோ வைக்க). எல்லாம் நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. யூடியூப்ல ஒருத்தர் போர்ட்டெய்னர் இல்லாம டாக்கரே ஓட்டக் கூடாதுங்கற ரேஞ்சுக்கு பில்டப் குடுத்திருந்தாரு, சரின்னு ஏத்தினேன். ஏத்திட்டு டீ போடப் போயிட்டு வந்து 9443 போர்ட்ல திறந்தா டைம் அவுட். முதல் தடவை ஓடினதும் 5 நிமிஷத்துக்குள்ள அட்மின் அக்கவுண்ட் உருவாக்கணும், இல்லன்னா பூட்டிக்கும், கன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணாதான் திறக்கும். பாதுகாப்புக்குத்தான், ஆனா வீடியோல அதைப் பத்தி மூச்சு விடல.

உள்ள போனா காசாஓஎஸ் ஏத்தின ஆப் எல்லாம் ஸ்டாக் (ஒரு ஆப்புக்கான கன்டெய்னர்களோட தொகுப்பு) லிஸ்ட்ல தெரியுது, ஆனா இது வெளிய உருவாக்கினது, இங்க இருந்து கட்டுப்பாடு கம்மிதான்னு ஒரு வரி. ஆப் எப்படி ஓடணும்னு எழுதியிருக்கற கம்போஸ் ஃபைல்ல கை வைக்க முடியாது. ஆனா தனி கன்டெய்னரை எடிட் பண்ணி திரும்ப உருவாக்க முடியும். வீடியோக்காரர் அதைத்தான் செய்யச் சொன்னாரு, வினையும் அங்கதான்.

பழைய போட்டோ ஹார்ட் டிஸ்க்கை இம்மிச்ல எக்ஸ்டர்னல் லைப்ரரியா (போட்டோவை இடம் மாத்தாம அங்கயே வச்சுக் காட்டறது) சேர்க்கணும், அதுக்கு சர்வர் கன்டெய்னருக்கு ஒரு வால்யூம், அதாவது வெளிய இருக்கற ஃபோல்டரை உள்ள காட்டற இணைப்பு வேணும். போர்ட்டெய்னர்ல சேர்த்தேன், பட்டுன்னு வேலை செஞ்சுது. கொஞ்ச நாள் கழிச்சு காசாஓஎஸ்ல போய் அதே இம்மிச்சோட வேற ஏதோ செட்டிங் மாத்தி சேவ் குடுத்தேன், அவ்வளவுதான். காசாஓஎஸ் தன்கிட்ட இருக்கிற கம்போஸ் ஃபைலைப் பாத்து கன்டெய்னரைப் புதுசா உருவாக்கிடுச்சு, அந்த ஃபைல்ல நான் சேர்த்த வால்யூமே கிடையாதே. ஒரே குழம்புக்கு ரெண்டு பேர் உப்பு போட்ட கதைதான். ராத்திரி இம்மிச் வழக்கமா பண்ற லைப்ரரி ஸ்கேன் ஓடிச்சு, ஃபைல் ஒண்ணும் கண்ல படல, மொத்தத்தையும் டிராஷ்ல தள்ளிடுச்சு. காதுகுத்து போட்டோ எங்கடான்னு அம்மா கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

ஒரு குரூப்ல கேட்டா டிஸ்க் போயிருக்கும், புதுசு வாங்குன்னாங்க. டிஸ்க் ஜம்முன்னுதான் இருந்துச்சு. டாக்கர் இன்ஸ்பெக்ட் கமாண்ட் போட்டு மவுண்ட்ஸ் லிஸ்ட்டை (கன்டெய்னரோட இணைச்ச ஃபோல்டர்கள்) பாத்தேன், அந்த ஃபோல்டர் அதுல இல்ல. காசாஓஎஸ் ஆப் செட்டிங்ல வால்யூமைச் சேர்த்து லைப்ரரியை மறுபடி ஸ்கேன் விட்டதும் ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு, அப்பதான் உயிர் வந்துச்சு. இந்த மாதிரி ஃபோல்டரை எப்பவும் ரீட் ஒன்லியாவே (படிக்க மட்டும், மாத்த முடியாத மாதிரி) மவுண்ட் பண்ணுங்க, இம்மிச்ல தெரியாம டெலீட் குடுத்தாலும் ஒரிஜினல் தப்பிக்கும்.

லாக், டெர்மினல் பாக்கறதுக்குத்தான் போர்ட்டெய்னர்னா, அது ரெண்டும் காசாஓஎஸ்லயே இருக்கு. பழைய இமேஜ் சேர்ந்து டிஸ்க் நிறைஞ்சா docker image prune -a ஒரு கமாண்ட் போதும். இன்னொண்ணு, போர்ட்டெய்னர் டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை குடுக்கற வாசல்) பிடிச்சுதான் ஓடுது, போர்ட்டெய்னர் பாஸ்வேர்டு போச்சுன்னா சர்வரோட ரூட்டே, அதாவது முழு அதிகாரமே போன மாதிரி. யூஎஃப்டபிள்யூ (லினக்ஸ் ஃபயர்வால்) காப்பாத்தும்னு நம்பாதீங்க, டாக்கர் வெளிய திறக்கற போர்ட் அதைத் தாண்டிப் போயிடும், விபிஎஸ்ல (இணையத்துல வாடகைக்கு எடுத்த சர்வர்) வச்சிருக்கறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க.

நாலஞ்சு மெஷினை ஒரே இடத்துல இருந்து பாக்கணும்னா போர்ட்டெய்னர் நல்ல சாமான்தான். கம்போஸை நானே எழுதிக்கிறேங்கறவங்க காசாஓஎஸ்ஸே இல்லாம டாக்ஜ்ங்கற கம்போஸ் நிர்வாக டூல் மட்டும் போடலாம், அப்டைம் குமா (சர்வர் ஓடுதான்னு கண்காணிக்கிற டூல்) பண்ணினவரோடதுதான், எல்லாத்தையும் சாதாரண ஃபைலா டிஸ்க்லயே வைக்கும். யூனோஹோஸ்ட் (வீட்டு சர்வருக்கான இன்னொரு சிஸ்டம்) ஆளுங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, அதுல டாக்கரே கிடையாது.

நான் போர்ட்டெய்னரைத் தூக்கிட்டேன். தூக்கினா மத்த கன்டெய்னர் நின்னுடுமோன்னு பயப்படாதீங்க, அது பாட்டுக்கு ஓடும். ஆனா போர்ட்டெய்னருக்குள்ளயே ஸ்டாக் உருவாக்கியிருந்தா அந்த கம்போஸை முதல்ல காப்பி எடுத்துக்குங்க, அது போர்ட்டெய்னரோட சொந்த டேட்டா வால்யூமுக்குள்ளதான் கிடக்கும், அதைச் சேர்த்து அழிச்சீங்கன்னா உக்காந்து மறுபடி எழுத வேண்டியதுதான்.